பகலுக்கு ஒரு வீடு

முதுமை ஒன்றும் புதிய விஷயமல்ல. மனிதன் தோன்றிய நாளிலிருந்தே அவனோடு கூட வருவது. ஆனால், "வயதானவர்களை எங்கே வைப்பது?" என்ற கேள்வி புதியது. அந்தக் கேள்வியில் உள்ள வினைச்சொல்லைச் சற்றே கவனியுங்கள். அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எங்கே வைப்பது என்றுதான் கேட்கிறோம். உடைந்த நாற்காலியைப் பற்றியும் பரணில் கிடக்கும் பெட்டியைப் பற்றியும் கேட்கிற அதே தோரணை! இந்த ஒரு வினைச்சொல்லை மாற்றிக்கொள்வதற்கு மேல்நாட்டாருக்கு ஏறக்குறைய நூற்று நாற்பது வருஷம் பிடித்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கேள்விக்கு இரண்டே விடைகள்தாம் உண்டு என்று உலகம் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தது. ஒன்று, வீடு, மற்றொன்று, விடுதி. வீட்டில் வைத்துக்கொண்டால் மகளோ மருமகளோ தன் உறக்கத்தையும் உத்தியோகத்தையும் கொடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும். விடுதியில் சேர்த்துவிட்டால் வயதானவர் தம் தெருவையும் பேச்சுத் துணையையும் சமையல் ருசியையும் ஒரே நாளில் இழந்துவிடுகிறார். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி இருக்கலாம் என்பது எவருக்கும் தோன்றவில்லை. காலையில் ஒரு வண்டி வருகிறது. பெரியவரை ஏற்றிக்கொண்டு போகிறது. பகலெல்லாம் வைத்தியமும் சாப்பாடும் பேச்சும் சிரிப்புமாகக் கழிகின்றன. சாயங்காலம் அதே வண்டி அவரை அவர் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடுகிறது. இவ்வளவுதான் விஷயம். இத்தனை சுலபமான யோசனைக்கு ஏன் இத்தனை தாமதம்?

இங்கிலாந்திலிருந்து தொடங்குவோம். 1834-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பார்லிமெண்ட் ஏழைகள் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பிழைக்க வழியற்றவர்களுக்கு 'ஒர்க்ஹவுஸ்' என்ற ஏழை விடுதியிலே இடம் உண்டு. ஆனால் உள்ளே இருப்பவனுடைய நிலை, வெளியே உழைத்துப் பிழைக்கும் மகா ஏழையின் நிலையைவிடக் கீழாகவே இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் சூத்திரம். சோம்பேறிகளை விரட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் பலர் சோம்பேறிகளல்லர். உழைத்து ஓய்ந்து, கை தளர்ந்து, கண் மங்கிப்போன கிழவர்களும் கிழவிகளுமே. ஆணையும் பெண்ணையும் தனித்தனிப் பகுதியில் வைப்பது விதி. நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகளை ஒரு கதவு பிரித்துவிட்டது. அறுபது வயது கடந்த தம்பதிகள் ஓர் அறையில் இருக்க விரும்பினால் அனுமதிக்கலாம் என்று 1847-இல் ஒரு திருத்தம் வந்தது. சட்டப் புத்தகத்தில் வந்தது சரிதான். விடுதிக்குள் அது நுழைவதற்கு மேலும் நெடுங்காலம் ஆயிற்று.

1908-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மறு வருஷம் ஜனவரி முதல், எழுபது வயதான ஏழைகளுக்கு வாரத்துக்கு ஐந்து ஷில்லிங் வரை பென்ஷன் கிடைத்தது. கையில் நாலு காசு இருந்தால் கிழவரும் வீட்டில் இருக்கலாம் என்பதை முதலில் நிரூபித்தது அந்த ஐந்து ஷில்லிங்தான். ஆனால் நோயாளிக் கிழவர்கள்? அவர்கள் பழைய விடுதிகளின் ஆஸ்பத்திரிப் பகுதியிலேயே, படுத்த படுக்கையாக, வரிசை வரிசையாகக் கிடந்தார்கள்.

அந்த வரிசைகளுக்கு நடுவே 1935-இல் ஒரு பெண் டாக்டர் நடந்து போனார். பெயர் மார்ஜரி வாரன். லண்டனுக்கு மேற்கே ஐஸல்வர்த்திலிருந்த வெஸ்ட் மிடில்ஸெக்ஸ் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. பக்கத்திலிருந்த ஏழை விடுதியின் நோயாளிகள் 714 பேரும் அவ்வருஷம் அவருடைய பொறுப்பில் வந்தார்கள். 'தீராத நோயாளிகள்' என்ற ஒரே சீட்டை எல்லோர் தலைமாட்டிலும் மாட்டியிருந்தார்கள். வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார். அப்போது ஓர் உண்மை புலப்பட்டது. நோயினால் எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர்கள் கொஞ்சம் பேர்; எழுந்திருக்கும்படி யாரும் சொல்லாததால் கிடந்தவர்கள் மிகப் பலர். படுக்கையே அவர்களுக்கு நோயாகிவிட்டது. தசை வற்றி, மூட்டு இறுகி, மனம் மரத்துப் போயிருந்தது. அவர் இருட்டறைகளுக்கு வெளிர் வர்ணம் அடிக்கச் செய்தார். நல்ல விளக்குப் போடச் செய்தார். நோயாளிகளை எழுப்பி உட்கார வைத்து, பிறகு நிற்கவும் நடக்கவும் பழக்கினார். பலர் வீடு திரும்பினார்கள். முதியோர் வைத்தியம் என்ற ஒரு தனிச் சாஸ்திரம் பிரிட்டனில் பிறந்தது அந்த ஆஸ்பத்திரியில்தான் என்று சொல்லுகிறார்கள்.

வீடு திரும்பினார்கள் என்று எழுதிவிட்டேன். கதை எழுதுகிறவன் அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடலாம். டாக்டர் வைக்க முடியாது. திரும்பியவர் மறுபடியும் படுத்துவிட்டால்? இந்தக் கவலையைப் பிடித்துக்கொண்டவர் லயனல் கோஸின் என்ற மற்றொரு டாக்டர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் எஸ்ஸெக்ஸ் ஜில்லாவில், இடுப்பெலும்பு முறிந்த கிழவர்களுக்கும் ரணசிகிச்சை செய்து எழுப்பி நடக்கவிடலாம் என்று காட்டியவர் அவர். யுத்தத்துக்குப் பிறகு ஆக்ஸ்போர்டு நகரத்துக் கௌலி ரோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கட்டடமும் ஒரு காலத்தில் ஒர்க்ஹவுஸாக இருந்ததுதான்! மனநோயாளிகளுக்காக 1946-இல் லண்டனிலும் கனடாவின் மான்ட்ரீலிலும் 'பகல் ஆஸ்பத்திரி' என்று ஒரு புதுமுறை ஆரம்பமாகியிருந்தது. இரவில் நோயாளி தன் வீட்டிலேயே தூங்குவான். அந்த முறையைக் கோஸின் முதியோர்களுக்கும் கையாண்டார். 1958-இல் அதற்கென்றே கட்டப்பட்ட பகல் ஆஸ்பத்திரி அங்கே திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் தம்பதிகளைப் பிரித்து உள்ளே பூட்டிய வளாகத்துக்குக் கிழவர்கள் காலையில் வண்டியேறி வந்தார்கள்; மாலையில் வீடு திரும்பினார்கள். சரித்திரத்துக்கும் சில சமயம் நல்ல நாவலாசிரியனின் கை வாய்த்துவிடுகிறது.

இனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போவோம். அதற்கு முன் ஒரு சிறு விளக்கம். நம் ஊரில் 'நர்ஸிங் ஹோம்' என்றால் சின்னத் தனியார் ஆஸ்பத்திரி; பிரசவத்துக்கும் ஆபரேஷனுக்கும் போய் வருகிற இடம். அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு அர்த்தம் வேறு. தானே குளிக்க, உடுக்க, நடக்க முடியாத முதியவர்கள் போய்த் தங்கும் இடம் அது. நீண்ட காலம் தங்குகிறவர்களில் அநேகர் வீடு திரும்புவதில்லை.

இந்த நர்ஸிங் ஹோம்கள் அந்நாட்டில் புற்றீசல்போல் பெருகியதற்குக் காரணம் பிள்ளைகளின் கல்நெஞ்சு என்று நம்மவர்கள் சுலபமாகத் தீர்ப்புக் கூறிவிடுவதுண்டு. உண்மைக் காரணத்தைத் தேடினால் அது சட்டப் புத்தகத்தில் அகப்படுகிறது. 1935-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஏழை முதியோர்களுக்குப் பண உதவி அளித்தது. ஆனால் சர்க்கார் நடத்தும் ஏழை விடுதிகளில் இருப்பவர்களுக்கு அது கிடையாது என்று ஒரு விதி. அந்த அவலமான விடுதிகள் ஒழிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுதிய விதிதான். விளைந்தது என்ன? கிழவர்கள் சர்க்கார் விடுதியிலிருந்து வெளியேறித் தனியார் விடுதிகளில் நுழைந்தார்கள். உதவிப் பணமும் அவர்கள் பின்னாலேயே போயிற்று. 1950-இல் விதியைத் தளர்த்தினார்கள். அதற்குள் தனியார் விடுதி ஒரு தொழிலாகவே வேரூன்றிவிட்டது.

பிறகு 1965-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி, மிஸ்ஸௌரி மாகாணத்து இன்டிபென்டன்ஸ் நகரில் ஜனாதிபதி ஜான்ஸன் ஒரு பெரிய சட்டத்தில் கையெழுத்திட்டார். பக்கத்தில் முன்னாள் ஜனாதிபதி ட்ரூமன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்போது வயது 81. முதியோர்களுக்கு 'மெடிகேர்', ஏழைகளுக்கு 'மெடிகெய்ட்' என்று இரண்டு வைத்தியத் திட்டங்கள் அன்று பிறந்தன. இரண்டும் மகத்தான திட்டங்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மெடிகெய்ட்டின் கணக்குப் புத்தகத்தில் ஓர் ஓரவஞ்சனை இருந்தது. ஒரு கிழவி நர்ஸிங் ஹோமில் படுத்தால் மாதம் முழுவதற்கும் செலவைச் சர்க்கார் கொடுக்கும். அவளே தன் வீட்டில் இருந்துகொண்டு, "என்னைக் குளிப்பாட்ட வாரம் மூன்று நாள் ஒருத்தி வந்தால் போதும்" என்றால், அதற்கு அவ்வளவு தாராளமாகப் பணம் கிடையாது. தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தானே ஓடும்? வாய்க்காலை அப்படி வெட்டிவிட்டு, குடும்பங்களுக்கு ஈவிரக்கம் இல்லை என்று சொல்லி என்ன பயன்?

ஓடுகிற தண்ணீரை எதிர்த்து ஒரு சின்ன மடை கட்டியவர்கள் இருந்தார்கள். ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துச் சீனப் பேட்டையில் அது நடந்தது.

அந்தப் பேட்டையின் கிழவர்களைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். சீனத் தொழிலாளர்கள் வரக் கூடாதென்று அமெரிக்கா 1882-இல் சட்டம் செய்தது. அது நீங்கியது 1943-இல். இடைக்காலத்தில் அங்கே தங்கிவிட்ட ஆண்களில் பெரும்பாலோர் ஊரிலிருந்து மனைவியை வரவழைக்க முடியவில்லை. கலிபோர்னியாவிலோ, வெள்ளைக்காரப் பெண்ணை மணப்பதற்கு 1948 வரை சட்டம் இடம் தரவில்லை. சலவைக் கடையிலும் சமையலறையிலும் ஆயுளைக் கழித்து, கட்டைப் பிரம்மசாரிகளாகவே மூப்படைந்து, மாடி மேல் மாடியாக அடுக்கிய ஒற்றை அறைகளில் அவர்கள் குடியிருந்தார்கள். கிழவரைப் பிள்ளை கைவிட்டான் என்று யாரும் சொல்ல வழியில்லை. பிள்ளையே பிறக்காதபடி சட்டம் பார்த்துக்கொண்டது! பக்கத்திலேயே இத்தாலியர்களும் பிலிப்பைன் தேசத்தார்களும் அவரவர் பாஷை பேசிக்கொண்டு வயோதிகம் அடைந்து வந்தார்கள்.

இவர்களுக்காக என்ன செய்யலாம் என்று யோசிக்க 1970-களின் தொடக்கத்தில் ஒரு கமிட்டி கூடியது. தலைமை வகித்தவர் வில்லியம் ஜீ என்ற பல் வைத்தியர். ஆராய்ந்து சொல்ல அவர்கள் அமர்த்தியவர் மேரி-லூயி ஆன்ஸாக் என்ற சமூக ஊழியர். ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்த பெண்மணி. ஒரு நர்ஸிங் ஹோம் கட்டிவிடலாமா என்பதுதான் கேள்வி. செலவு தாங்காது, இந்த ஜனங்களின் வாழ்க்கை முறைக்கும் ஒத்து வராது என்று ஆன்ஸாக் சொல்லிவிட்டார். யோசித்துப் பாருங்கள். ஐம்பது வருஷமாகக் கான்டனீஸ் பாஷையைத் தவிர வேறு பேசாத ஒரு கிழவர். மூன்று வேளையும் சோறும் கஞ்சியும் கேட்கும் வயிறு. அவரை ஆங்கிலம் பேசும் விடுதியில், ரொட்டியும் வெண்ணெயும் வைத்த தட்டின் முன்னே உட்கார்த்திவிட்டால், அவர் உயிரோடு இருக்கலாம். வாழ்கிறார் என்று சொல்ல முடியுமா?

ஆன்ஸாக் பிரிட்டிஷ் பகல் ஆஸ்பத்திரியை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார். 1973-இல் பகல் நிலையம் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் அவ்வகையில் முதலில் தோன்றிய சிலவற்றுள் அது ஒன்று. அதற்கு 'ஆன் லோக்' என்று பெயரிட்டார்கள். அமைதியும் மகிழ்ச்சியும் என்று சீன பாஷையில் அர்த்தம். மறு வருஷமே மெடிகெய்ட் பணம் கொடுக்கச் சம்மதித்தது. 1975-இல் வீட்டுக்கே சென்று செய்யும் பணிவிடையும், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதும், குடியிருக்க இடம் தேடிக்கொடுப்பதும் சேர்ந்தன. ஏனென்றால் பகல் நிலையம் எவ்வளவு சிறந்ததானாலும் மாலையில் மூடிவிடுகிறது. இரவு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஆனால் ஆன் லோக்கின் உண்மையான சாமர்த்தியம் 1983-இல் வெளிப்பட்டது. சர்க்காரிடம் அவர்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒவ்வொரு பெரியவருக்கும் மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையைக் கொடுத்துவிடுங்கள்; டாக்டர், மருந்து, ஆஸ்பத்திரி, வண்டி, சாப்பாடு, கடைசியில் நர்ஸிங் ஹோமே தேவைப்பட்டாலும் அதன் செலவு — எல்லாம் எங்கள் தலையில் என்றார்கள். இதனால் என்ன ஆயிற்று தெரியுமா? நோய்க்குப் பணம் வாங்குகிற இடத்தில், நோய் வராமல் காப்பதே லாபம் என்று ஆகிவிட்டது. குளிக்கும் அறையில் ஒரு கைப்பிடி போட்டால் ஓர் இடுப்பெலும்பு தப்பும். கால் நகத்தை ஒழுங்காக வெட்டினால் புண் வராது. புண் வராவிட்டால் ஆஸ்பத்திரி இல்லை. தர்மமும் கணக்கும் ஒரே பக்கம் நிற்கும்படி செய்ததுதான் அந்த ஒப்பந்தத்தின் சூட்சுமம்.

1986-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இதே முறையை வேறு பத்து ஸ்தாபனங்களும் பரீட்சித்துப் பார்க்க அனுமதி அளித்தது. 'பேஸ்' என்ற சுருக்கப் பெயரில் அது பரவி, 1997-இல் சட்டப்படி நிரந்தரத் திட்டமாயிற்று. 55 வயதாகியிருக்க வேண்டும். நர்ஸிங் ஹோமில் சேர்க்கத்தக்க நிலையில் இருப்பவர் என்று மாகாண சர்க்கார் சான்று கூற வேண்டும். இத்தனைக்கும் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தத்தம் வீட்டிலேயே வாழ்கிறார்கள்.

இந்தத் திட்டத்தின் விதிகளில் என் மனத்தைக் கவர்ந்தது ஒன்று உண்டு. ஒவ்வொரு முதியவருடைய நிலையையும் கூடி ஆலோசிப்பதற்கு ஒரு குழு இருக்க வேண்டும். டாக்டர், நர்ஸ், சமூக ஊழியர், உணவு நிபுணர், உடற்பயிற்சி சொல்லித் தருபவர் — இவர்களோடு வண்டி ஓட்டும் டிரைவரும் அந்தக் குழுவில் ஓர் அங்கத்தினர்! டிரைவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். மற்றவர்கள் முதியவரை நிலையத்தில், தலைவாரிச் சட்டை மாற்றி வந்த கோலத்தில் பார்க்கிறார்கள். டிரைவரோ வாசற்படியில் பார்க்கிறான். நேற்று இரண்டாம் மணிக்குத் திறந்த கதவு இன்று ஐந்தாம் மணிக்குத்தான் திறந்தது என்பது அவனுக்குத்தான் தெரியும். மூன்றாம் படியில் மூச்சு வாங்கியதும், உள்ளேயிருந்து ஊசிப்போன சாப்பாட்டு வாடை அடித்ததும், மருமகளின் முகம் கடுகடுத்திருந்ததும் அவன் கண்ட விஷயங்கள். ஒரு மனிதனைப் பற்றி அறிந்துகொள்ள அவன் வீட்டு வாசலைவிட நல்ல இடம் எது?

எல்லாம் சரி, இந்த ஏற்பாட்டில் குறையே கிடையாதா? உண்டு. அதையும் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

"நர்ஸிங் ஹோமைவிட இது மலிவு" என்று சொல்லித்தான் பல ஊர்களில் பகல் நிலையங்களுக்குப் பணம் கேட்டார்கள். 1980-களில் ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அந்த வாதம் ஆட்டங் கண்டது. வீட்டோடு இருக்க உதவி செய்தால், அதைப் பெற வருகிறவர்களில் பலர் எப்படியும் நர்ஸிங் ஹோமுக்குப் போகாதவர்களே. அதுவரை அவர்களைக் குடும்பமே சுமந்துகொண்டிருந்தது. ஆகவே சர்க்காருக்கு மிச்சமாவதற்குப் பதிலாகச் சில இடங்களில் செலவு கூடியது. ஆனால் அதே ஆராய்ச்சிகளில், பராமரிக்கும் குடும்பத்தாரின் பாரம் சற்றுக் குறைந்து, அவர்களுக்கு ஒரு நிம்மதி ஏற்பட்டதும் தெரிய வந்தது. சர்க்கார் கணக்கில் வராத இனம் அது. அம்மாவைப் பகல் நிலையத்துக்கு அனுப்பிவிட்டு ஒரு மகள் இரண்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கினால், அந்தத் தூக்கத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

நர்ஸிங் ஹோமே கூடாது என்று சொல்வதும் சரியல்ல. இரவெல்லாம் விழித்துத் தெருவில் இறங்கிவிடும் சித்தம் கலங்கிய முதியவருக்கும், கவனிக்க எவருமே இல்லாதவருக்கும் அதுவே அடைக்கலம். அங்கே இருப்பவர்களை நிர்வாகத்தின் சௌகரியத்துக்காகக் கட்டிப்போடக் கூடாது என்று 1987-இல் சட்டம் செய்ய வேண்டியிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

1999-இல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பளித்தது. ஜியார்ஜியா மாகாணத்தைச் சேர்ந்த, மனநலக் குறை உள்ள இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கு. சமூகத்தோடு வாழ முடிந்தவர்களை அவசியமின்றி ஸ்தாபனத்தில் அடைத்து வைப்பது பாரபட்சம் காட்டுவதாகும் என்று கோர்ட் கூறியது. வீட்டில் இருப்பது சலுகையாக இருந்தது போய், உரிமை என்ற எல்லைக்கு வந்துவிட்டது. உரிமை வந்தாலும் பணம் வர வேண்டுமே! 2011-இல் கலிபோர்னியா மாகாணமே பணமுடையைக் காட்டிப் பகல் நிலையங்களுக்கான மெடிகெய்ட் உதவியை நிறுத்த முற்பட்டது. பயனாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். சமரசம் ஏற்பட்டு, 2012-இல் வேறு பெயரில் அந்த உதவி தொடர்ந்தது. 2020-இல் கொரோனாத் தொற்று வந்தபோது நிலையங்கள் பலவற்றின் கதவுகள் மூடின. வருவதற்கில்லை என்று ஆனவுடன், பேஸ் திட்டத்தின் ஊழியர்கள் சாப்பாட்டையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு தாங்களே வீடுகளுக்குப் போனார்கள். அதே காலத்தில் நர்ஸிங் ஹோம்களில் நேர்ந்த மரணங்களை உலகம் அறியும்.

2016-ஆம் வருஷக் கணக்குப்படி அமெரிக்காவில் ஏறத்தாழ 4,600 பகல் நிலையங்கள் இருந்தன. அவற்றில் சேர்ந்திருந்தவர்கள் சுமார் 2,86,000 பேர். நர்ஸிங் ஹோம்களோ ஏறத்தாழ 15,600. அவற்றில் இருந்தவர்கள் 13 லட்சம் பேருக்கு மேல். வாய்க்கால் இன்னும் பழைய பள்ளத்தை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பதை இந்த எண்கள் சொல்லும். ஆனாலும் மடை உடையவில்லை.

விடுதியில் சேரும் முதியவர் தம்மிடமிருந்து முதலில் இழப்பது எது என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. பணமல்ல, பாத்திரமுமல்ல, வீட்டுச் சாவி. எந்த நேரமும் யாராவது கதவைத் திறந்து நுழையலாம் என்ற அறையில், தாளிடும் உரிமை போய்விடுகிறது. பகல் நிலையத்துக்குப் போகிறவருடைய இடுப்பில் அந்தச் சாவி இருக்கிறது. சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்கி, கைத்தடியை ஊன்றி நின்று, சாவித் துவாரத்தைத் தடவித் தேடி, தம் கையாலேயே தம் கதவை அவர் திறந்துகொள்கிறார். கை நடுங்குகிறதுதான். டிரைவர் அவசரப்படாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவர் உள்ளே போய் விளக்கைப் போட்ட பிறகுதான் வண்டியைக் கிளப்புகிறான்.